கோமு நடக்கிறாள்

அந்த அறையில் எதிரொலி கேட்க வழியே இல்லை. நான்கு சுவரிலும் தேங்காய் நார் மெத்தையும் அதன்மேல் பழைய ஜமுக்காளமும் அடித்து, ஜன்னலைச் செங்கல் வைத்துப் பூசி, கதவின் விளிம்பெல்லாம் ரப்பர் ஒட்டி, பாளையங்கோட்டையின் பஸ் சத்தமும் காக்கைச் சத்தமும் நுழையாமல் ரீபாவே முன்னின்று கட்டிய ஒலிப்பதிவு அறை அது. உள்ளே நின்று கைதட்டினால் சத்தம் விரலிலேயே செத்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆராதனை முடிந்து வந்து சோறு உண்டு, புதிதாக வந்த கருவியை அவள் முதல்முறையாக ஓடவிட்டபோது, ஒவ்வொரு 'டக்'குக்கும் பின்னால், வெகு நேரம் தாமதித்து, மெல்லிய இன்னொரு சத்தம் கேட்டது.

ஸ்பீக்கரை அணைத்துப் பார்த்தாள். அப்போதும் கேட்டது.

"அண்ணே, உனக்குக் கேக்குதா?"

சத்தியநேசன் வாசலில் சாய்ந்து நின்று தலையைச் சாய்த்துக் கேட்டான். ஹாம்பர்க் துறைமுகத்தில் கப்பல்களுக்கு மின்சார வேலை பார்ப்பவன். கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தவன், தை பிறந்தும் இன்னும் திரும்பவில்லை. "மிசின் சத்தந்தான் கேக்கு. வேற ஒண்ணுமில்லட்டி."

ரீபாவுக்கு முப்பத்தெட்டு வயது. காலையில் பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர்; மதியத்துக்குமேல் இந்த மாடி அறையே உலகம். சத்தியநேசன் ஒவ்வொரு லீவுக்கும் ஒன்றிரண்டாகக் கொண்டுவந்த பெட்டிகளைச் சேர்த்து அவள் ஒரு சிந்தசைசர் அமைத்திருந்தாள். ஒரு பெட்டி ஒலியை எழுப்பும், ஒன்று வடிகட்டும், ஒன்று தேயவைக்கும். எல்லாவற்றையும் குட்டைக் குட்டை வயர்களால் இணைக்க வேண்டும். இல்லாதது ஒன்றுதான். எந்தச் சுரத்துக்குப் பின் எந்தச் சுரம் என்று படிப்படியாக ஏறி, முடிந்ததும் மறுபடி முதல் படிக்கு வந்து, நிறுத்தும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும் சீக்வென்சர். வெள்ளிக்கிழமைக்குள் ரேடியோ நாடகம் ஒன்றுக்குப் பஞ்சாலை ஓடும் சத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. கையால் வாசித்தால் அந்த ஓயாத ஓட்டம் வரவில்லை.

இப்போது மேசையில் இரண்டு இருந்தன. ஒன்று அண்ணன் கொண்டுவந்தது, எட்டுப் படி, புதுசு, உள்ளங்கை அகலம், அப்பழுக்கில்லாதது. வேண்டாமென்றால் வருகிற சனிக்கிழமை, லீவு முடிந்து போகும் அவனோடு திரும்பிவிடும். மற்றது கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்தது. பதினாறு படி. தகரப் பெட்டி. ஒரு ஆள் தூக்கும் கனம்.

அதைச் செய்தவர் ஆவுடைநாயகம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய எக்ஸ்சேஞ்சைக் கழற்றிப் போட்டபோது, நம்பர் சுற்றினால் படிப்படியாக நகர்ந்து இணைப்புத் தேடும் பித்தளைக் கருவி ஒன்றை எடுத்துவந்து இதைக் கட்டியிருந்தார். ரேடியோ நிலையத்தில் யாரோ சொல்லி, ரீபா முந்தின நாள், சனிக்கிழமை, பஸ் ஏறிப் போனாள். தெருவெல்லாம் அப்பளம் காய்ந்தது. வீட்டுக்குள் மட்டும் வெயில் இறங்கவில்லை. ஊதுபத்தி வாசனைக்கு அடியில் புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்தின் வாடை.

அவள் போனபோதே மிசின் ஓடிக்கொண்டிருந்தது. பதினாறு குமிழ்கள், ஓரத்தில் மூன்று நிலைச் சுவிட்ச் ஒன்று. அதன்மேல் பெயின்டால் எழுதியிருந்தது: முன், பின், முன்பின். சுவிட்ச் முன்பின்னில் நின்றது. பித்தளைக் கை பதினாறு படி ஏறி, பதினாறு படி இறங்கியது. உள்ளறையில் யாரோ நடந்தார்கள். அடுக்களையிலிருந்து புறவாசல்வரை, புறவாசலிலிருந்து அடுக்களைவரை. மெட்டி தரையில் தட்டும் சத்தம்.

"வீட்டுல அம்மா இருக்காவளா, அண்ணாச்சி?"

"எம் பொஞ்சாதி. கோமு. காலுல வாதம் வந்து அசைவில்லாமக் கெடந்தா." ஆவுடைநாயகத்தின் கண்கள் உறக்கமில்லாமல் சிவந்திருந்தன. "இத ஓட்டுன அன்னிக்கி எந்திரிச்சா. அதுக்கப்புறம் நடக்கா. பத்து வருசமா நடக்கா."

அவர் பேச்சில் ஏதோ குறைந்தது. என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை. வேகத்தைக் கூட்டிப் பார்க்க அவள் குமிழைத் திருகியபோது உள்ளே மெட்டிச் சத்தமும் விரைந்தது. அதையும் தற்செயல் என்றே எண்ணினாள். சத்தம் அத்தனை நன்றாக இருந்தது. ஒவ்வொரு படியும் ஒரு மயிரிழை முன்பின்னாக விழுந்து, மூச்சுவிடுவதுபோல. இப்படி ஒரு ஓட்டத்தைத்தான் அவள் மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கொண்டு போங்கம்மா. புடிக்காட்டாலும் திரும்பக் கொண்டாராதிய. நான் உறங்கணும்."

அவர் பிளக்கைப் பிடுங்கினார். மெட்டிச் சத்தம் நின்றது. விடைபெற எட்டிப் பார்த்த ரீபா, உள்ளறை இருட்டில் அந்த அம்மாளைப் பார்த்தாள். நடு நடையில் நின்றிருந்தாள். ஒரு கால் தரையில். மற்றக் கால் ஒரு சாண் தூக்கியபடி, இறங்காமல். நடுங்கவும் இல்லை. கண் மட்டும் திரும்பி ரீபாவைப் பார்த்தது.

"வரட்டுமாம்மா," என்றாள் ரீபா. ஆவுடைநாயகம் கதவைச் சாத்தினார்.

பஸ்ஸில் வரும்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. வாதக்காரி, வலி, அப்படியே நின்றுவிட்டாள் போல. மடியில் மிசின் கனத்தது.

ஞாயிறு மதியம் சுவிட்சை முன்னில் வைத்து மூன்று மணி நேரம் ஓட்டினாள். பஞ்சாலை முன்னோக்கித்தானே ஓடும்? திங்களன்று பள்ளி விட்டு வந்து மறுபடி ஓட்டினாள். அந்தப் பின்சத்தம் இருந்தது. ஆனால் நேற்றைப்போல அவ்வளவு தாமதமாக இல்லை. மைக் வைத்து டேப்பில் பதிந்து கேட்டாள். டேப்பில் மிசின் மட்டும்தான் இருந்தது. காதைப் பொத்தினாள். பொத்திய காதுக்குள்ளும் அது விழுந்தது. டக். பிறகு, அடியில் ஈரமண் நசுங்குவதுபோல ஒன்று.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், வயர்களைப் பிடுங்கி மாற்றிக் குத்தினாள். எட்டுப் படிக் கருவியை ஓட்டினால் பின்சத்தம் இல்லை. ஆனால் அது கடிகாரம்போல ஓடியது. அதில் ஆலை இல்லை, ஆள் இல்லை.

"ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணியாச்சா?" என்று செவ்வாய்க்கிழமை சத்தியநேசன் கேட்டான்.

"கல்லிடைக்குறிச்சி மிசின்தான். உன்னோடத நீயே கொண்டு போயிரு, அண்ணே."

"அது கெழட்டு மிசின்ட்டி. ஒரு படிக்கும் மறு படிக்கும் ஒத்துப்போவல."

"அதுக்குத்தான் அது வேணுங்கேன்."

சொல்லிவிட்டு மிசினை ஓட்டினாள். அன்று டக்குக்கும் மறு சத்தத்துக்கும் நடுவே ஒரு மூச்சளவுதான் இடைவெளி. நல்ல பதிவு ஒன்று கிடைத்ததும், அவசரமாக நிறுத்திவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் நின்றாள். கீழே திருச்செந்தூர் ரோட்டில் தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பச்சையும் மஞ்சளுமாக, வெறுங்காலோடு, ஓயாமல் போய்க்கொண்டிருந்தார்கள். கல்லிடைக்குறிச்சிக்கு அடுத்த அம்பாசமுத்திரம் பக்கத்து ஆட்கள்.

புதன்கிழமை பள்ளிக்கு லீவு போட்டிருந்தாள்; காலை பத்து மணிக்கு டெலிபோன் அடித்தது.

"அம்மா, நான் ஆவுடைநாயகம் பேசுதேன்." குரல் உடைந்திருந்தது. "கோமுவக் காணல. ஞாயித்துக்கெழம மத்தியானத்துலேர்ந்து. பொறவாசக் கதவு தொறந்து கெடக்கு. ஆத்தங்கரையெல்லாம் தேடியாச்சு."

ரீபா ரிசீவரைக் காதோடு அழுத்தினாள்.

"நீங்க சுவிட்ச எங்கன வச்சு மிசின ஓட்டுதிய? எந்தப் பக்கம்?"

"முன்னுல."



"அப்பம் அங்கனதான் வாரா," என்றார். "ஓட்டும்போது நடப்பா. நிறுத்துனா நின்ன எடத்துல நிப்பா. ராத்திரி நிறுத்திட்டியளாம்மா?"

நிறுத்தியிருந்தாள். மூன்று இரவும் நிறுத்திவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருந்தாள். தை மாதப் பனி. கல்லிடைக்குறிச்சியிலிருந்து வரும் வழியில், வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில் எங்கேயோ, பத்தமடைக்கு வெளியே ஏதோ வரப்பில், ஒரு கால் தூக்கியபடி ஒருத்தி. யாத்திரைக் கூட்டத்தில் ஒருத்தி நின்றாலும் நடந்தாலும் யார் கேட்கப் போகிறார்கள்?

"பின்னுல போடுங்க. பைய ஓட்டுங்க. வந்த வழியே வீட்டுக்கு வந்துருவா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவள் மாடிக்கு ஓடினாள். சுவிட்சைப் பின்னில் தள்ளினாள். பித்தளைக் கை பதினாறிலிருந்து இறங்கத் தொடங்கியது. டக். டக். பின்சத்தம் வந்தது, கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தியது, தூரமானது. ரீபா நாற்காலியில் சரிந்து கண்ணை மூடி ஜெபம் செய்தாள். போகட்டும். வீடு போய்ச் சேரட்டும்.

பன்னிரண்டு மணிக்குச் சத்தியநேசன் வந்தான். நண்பன் ஒருவனிடம் சொல்லிக்கொள்ளச் சேரன்மகாதேவிக்குப் போயிருந்தான். சட்டையெல்லாம் வியர்வை. செருப்பைக் கழற்றாமலே மாடிக்கு வந்தான்.

"முன்னீர்பள்ளம் தாண்டி பஸ் நின்னுட்டுது, ரீபா. ரோட்டுல ஒரு பொம்பள நடக்கா. கூட்டமெல்லாம் இங்க பாத்து வருது, அவ மட்டும் அந்தாலப் போறா."

"போனா என்ன?"

"மூஞ்சி இங்கதான் இருக்கு. பின்னால நடக்கா. திரும்பிப் பாக்கவே இல்ல. லாரிக்காரன் ஆரன் அடிக்கான், சத்தம் போடுதான், ஒதுங்கல. காலப் பாத்தேன்..." அவன் நிறுத்தினான். கப்பலில் கை போனவர்களைப் பார்த்தவன். "வேண்டாம் விடு."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. மிசினைப் பார்த்தான், சுவிட்சைப் பார்த்தான். விரலை நீட்டி வேகக் குமிழைக் கொஞ்சம் திருகினான், எடுத்துவிட்டான்.

"பின்பக்கமா முப்பது கிலோமீட்டரா? அடிபட்டுச் சாவா."

"நிறுத்துனா நடு ரோட்டுல நிப்பா, அண்ணே."

"அப்பம் இங்க வரட்டும். முன்னுல போடு. கண்ணு தெரிஞ்சு நடக்கட்டும். நான் பைக்க எடுத்துட்டு எதுக்கப் போறேன். கண்டதும் தூக்கி வச்சு ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போயிருதேன்."

அதைவிட நியாயமான யோசனை அவளுக்கும் தோன்றவில்லை. அவளே சுவிட்சை முன்னில் போட்டாள். கீழே பைக் உதைக்கும் சத்தம் கேட்டு, தேய்ந்தது.

பிறகு அறையும் அவளும் மிசினும்.

ஒரு மணி. மிசினிலிருந்து சூடான பித்தளை வாடையும் எண்ணெய் வாடையும் வந்தன. அவற்றினூடே வேறொன்று, சேற்று வயலில் அழுகும் வைக்கோல் மாதிரி, அதற்கும் அடியில் அந்த மஞ்சள் மருந்து. சுவர் மெத்தைகள் மூச்சை இழுத்துப் பிடித்திருப்பதுபோல் உப்பியிருந்தன. டக். சற்றுத் தாமதித்து ஈரக்கால் விழும். வேகத்தைக் குறைக்க நினைத்தாள். குறைத்தால் தாமதமாகும், தாமதமானால் அந்தக் கால் இன்னும் அதிக நேரம் ரோட்டில். கூட்ட நினைத்தாள். கூட்டினால் ஓடுவாளா, அந்தக் காலோடு? கை குமிழுக்கும் மடிக்குமாகப் போய் வந்தது.

இரண்டு மணி. அண்ணன் போன் செய்யவில்லை. டக், கால். டக், கால். நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி.

இரண்டரை. இடைவெளி இல்லை. இரண்டும் ஒரே சத்தமாகிவிட்டன.

ஆக, வந்துவிட்டாள். வாசலுக்கு. அண்ணன் அவளைத் தவறவிட்டிருக்கிறான். ரோட்டோடு வரவில்லை, வயலோடு, ஆற்றோடு வந்திருக்கிறாள். ரீபா எழுந்தாள். இறங்கிப் போய்க் கையைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும். மிசினை நிறுத்தக் கையை நீட்டினாள்.

அப்போது முதல்முறையாக அது நடந்தது.

கால் முதலில் விழுந்தது. டக் பிறகு வந்தது.

மறுபடியும். கால். டக்.

மாடிப் படிக்கட்டில்.

கால். டக். மிசின் பின்தொடர்ந்தது. ரீபா பிளக்கைப் பிடுங்கினாள். டக் நின்றது. கால் நிற்கவில்லை.

ஒரு படி. இன்னொரு படி. மெட்டி. ஈரம். கதவின் ரப்பர் விளிம்பு மெல்லப் பிரிந்து, வெளி வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது.

கோமு வந்தாள். சேலை முழங்கால்வரை சேறு. முடியில் நெல் தூசி. முகம் சாந்தமாக இருந்தது. கால்களை ரீபா பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முகத்தையே பார்த்தாள். ஆனாலும் சத்தம் கேட்டது. தோல் தரையில் படும் சத்தம் இல்லை அது. அதைவிடக் கெட்டியானது.

ரீபாவைக் கடந்து போனாள். நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். முழங்கால் மடியாமல் நடுங்கியது, பிறகு மடிந்தது. உட்கார்ந்தாள்.

அவள் மார்பிலிருந்து வந்த பெருமூச்சு முடிய வெகுநேரம் ஆயிற்று.

"பத்து வருசமாச்சு தாயி," என்றாள் கோமு, "உக்காந்து."

ரீபாவுக்கு அழுகை வந்தது. "தண்ணி கொண்டாரேம்மா..."

கோமு குனிந்து பிளக்கை எடுத்தாள். செருகினாள். பதினாறு குமிழ்கள்மேலும் அவள் விரல்கள் அவசரமில்லாமல், பழகிய வீட்டில் நடப்பதுபோலப் போயின. ஒன்றைத் திருகினாள். அடுத்ததை. கடைசியாகச் சுவிட்சுக்கு வந்து, முன்னிலிருந்து எடுத்து, பின்னில் வைத்தாள்.

டக்.

ரீபாவின் இடது கால் தரையைவிட்டு எழும்பியது.

அவள் தூக்கவில்லை. தானாக எழும்பி, பின்னால் போய், ஊன்றியது. டக். வலது கால். கதவு முதுகில் பட்டுத் திறந்தது. மேசையைப் பிடிக்கக் கையை வீசினாள், எட்டவில்லை. டக். படிக்கட்டு. பின்பக்கமாக, பார்க்காமல், ஒவ்வொரு படியாக. கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்தாள். கால் போய்க்கொண்டே இருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

"அம்மா! நிறுத்துங்கம்மா!"

வாசல். தெரு. ரோடு. வீடு அவளைவிட்டுச் சிறிதாகிக்கொண்டே போனது. மூன்று மணி வெயில். கிழக்கே திருச்செந்தூருக்குப் போகிற கூட்டம் அவள் முகத்துக்கு நேரே, அவளை நோக்கி நடந்துவந்தது. அவர்கள் முன்பக்கமாக, அவள் பின்பக்கமாக, ஒரே திசையில். ஒரு கிழவர் கும்பிட்டார். இதுவும் ஒரு வேண்டுதல் என்று நினைத்திருப்பார். "பிடிங்க, என்னயப் பிடிங்க," என்றாள். "முருகன் கூட வருவான் தாயி," என்றார் அவர்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேற்கிலிருந்து பைக் வந்தது. சத்தியநேசன். அவளைப் பார்த்துவிட்டான். பைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"ரீபா! ஏட்டி, நில்லு!"

இருபதடி. பத்தடி. கையை நீட்டினாள்.

அண்ணன் நின்றுவிட்டான்.

அவன் இப்போது அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, பின்னால், அவள் போய்க்கொண்டிருந்த திசையில் எதையோ பார்த்தான். கும்பிட்ட கிழவரும் நின்றார். அவர் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஒரு பெண், தன் பிள்ளையின் முகத்தை முந்தானைக்குள் அமுக்கினாள்.

"என்ன அண்ணே? பின்னால என்ன இருக்கு?"

அவளால் திரும்ப முடியவில்லை. கால் எழும்பியது. பின்னால் போய் ஊன்றியது. மறு கால்.

அவள் ஒவ்வொரு அடி போகப் போக, அவள் பின்னால் எழும்பும் எதையோ தொடர்ந்து சத்தியநேசனின் தலை பையப் பைய நிமிர்ந்தது. உயரமாக, இன்னும் உயரமாக, வானத்தைப் பார்க்கிறவனைப்போல.